ஐம்பத்துநாலு முதல் அறுபத்திரண்டு வரை

ருக்குமணிக்கு மொத்தம் மூன்று பிறந்த நாள். வாக்காளர் அட்டையில் 1962 ஜூன் ஒன்று. நிலக்கரிச் சுரங்கத்து கேட் பாஸில் 1966 ஏப்ரல் பதினைந்து. ஆதாரில் 1970 ஜனவரி ஒன்று. மூன்றும் நாள், மாதம், வருஷம் என்று கச்சிதமாக அச்சடித்தவை. மூன்றும் பொய். வேண்டுமென்று யாரும் பொய் சொல்லவில்லை, பாவம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர் "பொறந்த தேதி?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றாள். அவர் நிமிர்ந்து இவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார், இவளுக்குப் பின்னால் நிற்கிற வரிசையை ஒரு தரம் பார்த்தார், என்னவோ தட்டினார். அவ்வளவுதான், பிறந்தாயிற்று. மூன்று இடத்திலும் இதே கதைதான்.

மூன்று தேதியும் ஒரே பிளாஸ்டிக் கவருக்குள் வருஷக்கணக்காகச் சண்டை சச்சரவில்லாமல் குடித்தனம் நடத்தின. புது காண்ட்ராக்ட் வந்த பிறகுதான் வம்பு வந்தது.

ருக்குமணிக்குக் கரி யார்டில் சாம்பிள் எடுக்கிற வேலை. கரியை ஏற்றிக்கொண்டு பெல்ட் வந்து கொட்டுகிற இடத்தில் கால் மணிக்கு ஒரு தட்டு கரி வார வேண்டும். வாரியதை நசுக்கி, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலு பங்காக வகுந்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தை மறுபடி குவித்து மறுபடி வகுந்து, கடைசியில் ஒரே ஒரு டப்பாவில் அடைத்து லேபுக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு டப்பாவை வைத்து ஒரு மலைக் கரியில் எவ்வளவு ஈரம் என்று லேபில் சொல்லிவிடுவார்கள். பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். எட்டு மணி நேரம் குனிந்தே செய்து பார்த்தால் தெரியும் சங்கதி.

காண்ட்ராக்ட் எடுத்த புது கம்பெனியின் மேனேஜர் ஜெயகணேஷ். முப்பத்தைந்து வயசு, மரியாதை தெரிந்த பையன். செப்டம்பர் மாசத்தில் ஒரு நாள் ருக்குமணியைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னான். நாற்காலி போட்டாலே நல்ல சேதி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ஆயா, அறுபது தாண்டினவங்களைப் புது காண்ட்ராக்ட்ல எடுக்கக் கூடாதுன்னு ரூல். ஒங்க கார்டுல ஒண்ணு அறுபத்து மூணு சொல்லுது, ஒண்ணு அம்பத்தொம்பது சொல்லுது, ஒண்ணு அம்பத்தஞ்சு சொல்லுது. நான் எதை நம்பறது?"

"எனக்கே தெரியலியே சார், நீங்க எதைன்னு நம்புவீங்க?"

"டாக்டர்கிட்ட வயசு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. அக்டோபர் முப்பத்தொண்ணு வரைக்கும் டைம். அதுக்கப்புறம் லிஸ்ட் க்ளோஸ் ஆயிடும், என் கையில இல்ல."

மந்தாரக்குப்பத்தில் ருக்குமணி குடியிருந்த வாடகை வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது ஒன்றுதான். புருஷன் பேர் பாவாடை; மூட்டை தூக்கி அவனுக்கு இடுப்பு போய் நாலு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் கார்முகில் பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். நாலு வருஷப் படிப்பில் இரண்டு முடிந்திருக்கிறது. இன்னும் இரண்டு வருஷம் இந்த வேலை கையில் இருந்தால் போதும், அதற்குப் பிறகு அவள் வயசு அறுபதானால் என்ன, நூறானால் என்ன!

மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் எக்ஸ்ரே கிளினிக் வைத்திருக்கிறவள் டாக்டர் புவனா. அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். இவள் சுரங்க நகரியத்து குவார்ட்டர்ஸில் பிறந்து, வளர்ந்து, பெரிய படிப்பெல்லாம் படித்து, கொஞ்ச காலம் மெடிக்கல் காலேஜில் பாடமும் நடத்தியவள். ருக்குமணியை மெஷின் முன்னால் நிறுத்தி, படுக்க வைத்து, திருப்பி, மண்டை, தோள், விலா, இடுப்பு என்று ஒன்று விடாமல் படம் எடுத்தாள். பிறகு புத்தகத்தைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், ஒரு கணக்குப் போட்டாள். சீட்டு எழுதினாள்.

"வயது 54 முதல் 62 வரை. நம்பகம் 95 சதவீதம்."

வீட்டுக்கு வந்து தெருவிலிருந்த படித்த பெண் ஒருத்தியிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டதும் பாவாடைக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடி இது? அம்பத்துநாலுலேர்ந்து அறுவத்திரெண்டு வரைக்கும்னு! பஸ்ஸு ரூட்டா இது? கார்டு எடுக்க வந்த பையன் பெரிய படிப்பு இல்லாதவன், ஒரு நிமிசத்துல தேதியோட சொன்னான். இந்தம்மா இம்மாம் பெரிய மெசின வச்சிகினு எட்டு வருசத்துக்குத் தெரியலன்னு எழுதிக் குடுத்துகீது."

நியாயமாகத்தான் பட்டது ருக்குமணிக்கும். தெரிந்தவர் என்றால் டக்கென்று சொல்ல வேண்டாமா?

மறுநாள் அந்தச் சீட்டு ஜெயகணேஷ் மேஜைக்குப் போனது. யூனியன் ஆள் சிங்காரவேல் கூடவே வந்தார். சும்மா சொல்லக்கூடாது, சிங்காரவேல் வாய் திறந்தால் எதிராளி தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

"அம்பத்துநாலுன்னு டாக்டரே எழுதியிருக்காங்க. இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு. நீ எப்படி நிறுத்துவ?"

"அண்ணே, அதே வரியில அறுபத்திரெண்டும் இருக்கே. ஆடிட்ல வந்து ஏன் வச்சிருந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"சரி விடு. ரெண்டுக்கும் நடுவுல அம்பத்தெட்டு. அதைப் போட்டுக்க."

"நடுவுல இருக்குங்கிறதுக்காக அதுதான் வயசுன்னு ஆயிடுமாண்ணே?"

ருக்குமணி இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தையில் கத்தரிக்காய்க்கு நடக்கிற பேரம் மாதிரி இருந்தது. பேரம் பேசப்படுவது தன் வயசு என்பதை நினைத்தபோது சிரிப்பு வந்தது, சிரித்தால் தப்பாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். கடைசியில் ஜெயகணேஷ் தெளிவாகச் சொன்னான். "அறுபதைத் தொடாத சீட்டு ஒண்ணு கொண்டு வாங்க. இல்லன்னா பிறப்புச் சான்றிதழ். ரெண்டுல ஒண்ணு இருந்தா நாளைக்கே லிஸ்ட்ல சேர்த்துடறேன் ஆயா."

பிறந்த ஊர் இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறது. ஆனால் ஊர் போனாலும் ஊரின் காகிதம் போகாது. அந்த ஊர்ப் பிறப்புப் பதிவேடுகள் எல்லாம் தாலுகா ஆபீசில் ஒரு மூட்டையாகக் கட்டிக் கிடக்கின்றன என்று சிங்காரவேல் விசாரித்துச் சொன்னார். ருக்குமணி லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

ரெக்கார்டு ரூமில் இருந்தவர் செல்வகுமார். கருகருவென்று சாயம் போட்ட தலை, மூக்கில் தூசிக்காகக் கட்டிய கைக்குட்டை.

"எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும் தேடணும் ஆயா? ஃபாரத்துல அதை எழுதணும். மொத்தமா தேடச் சொன்னா இந்த ஜென்மத்துல முடியாது."

ருக்குமணி டாக்டர் சீட்டை நீட்டினாள். செல்வகுமார் விரல் விட்டு எண்ணி, 1963 முதல் 1971 வரை என்று எழுதிக்கொண்டார். பழைய புத்தகத்தில் குழந்தைக்குப் பேர் இருக்காது, ஆண் பெண் என்றுதான் இருக்கும், அப்பா அம்மா பேர் சொல்லுங்கள் என்றார். அப்பா கலியன், அம்மா அஞ்சலை.

"அந்தக் காலத்துல தெருவுக்கு ரெண்டு கலியன், மூணு அஞ்சலை இருந்திருப்பாங்களே. வேற எதுனா அடையாளம்?"

"ரெட்டைங்க தம்பி. எங்கூட ஒருத்தன் பொறந்தான். அன்னிக்குச் சாயங்காலமே போயிட்டானாம். எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிகினே இருக்கும்."

"அது போதும். ரெட்டைன்னா மாட்டிக்கும்."

மூன்று வாரம் ஆயிற்று. போன் வரவில்லை. நேரில் போனாள். செல்வகுமார் ஒன்பது வருஷப் புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் புரட்டியிருந்தார், மனுஷன் ஏமாற்றவில்லை. கலியன் ஒருவர் அகப்பட்டார், அவர் பெண்சாதி பேர் தையல்நாயகி. அஞ்சலை இரண்டு பேர், புருஷன் வேறு. இரட்டைக் குழந்தை மூன்று ஜோடி, மூன்றும் வேற்று வீடு. "பதிவு இல்லை" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

லிஸ்ட் முடிய மூன்று நாள் இருந்தது. இனி ஒரு வழிதான் பாக்கி. ருக்குமணி சீட்டை எடுத்துக்கொண்டு மறுபடி புவனாவிடம் போனாள்.

"டாக்டரம்மா, இதுல அறுவத்திரெண்ட மட்டும் அம்பத்தொம்பதுன்னு மாத்திக் குடுத்துடுங்க. உங்களுக்கு ஒரு நம்பரு. எங்களுக்கு அது சோறு."

புவனா கோபப்படவில்லை. சீட்டை வாங்கி மேஜையில் வைத்தாள்.

"எழுதலாம்மா. நடுவுல இருக்கற அம்பத்தெட்டை ஒட்டி, அம்பத்தேழுலேர்ந்து அம்பத்தொம்பதுன்னு எழுதினா பாக்கவும் நல்லா இருக்கும். ஆனா கீழ தொண்ணூத்தஞ்சுன்னு போட முடியாது. நாப்பதுன்னு போடணும். அதை உங்க மேனேஜர் வாங்க மாட்டாரு."

"ஏன் கொறையுது?"

"எடம் சின்னதாச்சுல்ல? எட்டு வருஷம் விட்டு எழுதினா நான் தைரியமா சொல்லுவேன். ரெண்டு வருஷத்துக்குள்ள அடைச்சு எழுதச் சொன்னா எனக்கு அந்தத் தைரியம் இல்ல. ரெண்டும் சேந்து வேணும்னா இன்னும் நெறைய தெரியணும் உங்களைப் பத்தி. படத்துல இருக்கறது இவ்ளோதான்."

ருக்குமணிக்கு இது புரிந்தது. ஒரு தட்டு கரியைப் பார்த்துவிட்டு ஈரம் சரியாக இத்தனைதான் என்று எவனாவது சொன்னால் லேப் காரரே சிரிப்பார். கால் மணிக்கு ஒரு தட்டு வாருவது எதற்காகவாம்? ஆனாலும் ஒன்று மட்டும் இடறியது.

"அந்தத் தொண்ணூத்தஞ்சுன்னா இன்னாங்கம்மா? எனக்கு நூத்துல தொண்ணூத்தஞ்சு பாகம் அம்பத்துநாலுக்கு மேலயா?"

புவனா சிரித்தாள். "காலேஜ்ல படிக்கறவங்களும் இப்படித்தான் கேப்பாங்க. உங்க மாதிரி நூறு பேர் வர்றாங்கன்னு வச்சுக்குங்க. நூறு பேருக்கும் நான் சீட்டு எழுதறேன். ஆளாளுக்கு வேற வேற சீட்டு. அதுல தொண்ணூத்தஞ்சு பேரோட நெச வயசு அவங்கவங்க சீட்டுக்குள்ள இருக்கும்."

"மிச்சம் அஞ்சு பேரு?"

"அவங்க வயசு சீட்டுக்கு வெளில இருக்கும். நான் தப்பா எழுதியிருப்பேன்."

"நான் எதுல?"

"அதான் தெரியாது. உங்களுக்கு ஒரே வயசுதான்மா. அது இந்தச் சீட்டுக்குள்ள இருக்கு, இல்லன்னா இல்ல. பாதி உள்ள, பாதி வெளிலன்னு கெடையாது. தொண்ணூத்தஞ்சுங்கறது உங்களைப் பத்தின கணக்கு இல்ல. என் கை எத்தனை தரம் சரியா இருக்கும்ங்கற கணக்கு."

அடேயப்பா, என்று நினைத்தாள் ருக்குமணி. இத்தனை நாள் பார்த்த ஆபீஸ்களில் நான் தப்பாகவும் எழுதியிருப்பேன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. இந்தம்மா அதைச் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். பாவாடை இவளுக்கு ஒன்றும் தெரியாது என்றானே, தெரியாததும் எவ்வளவு என்று தெரிந்துவைத்திருக்கிறாள்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள்.

"வெளிலன்னா எந்தப் பக்கம்மா?"

"ரெண்டு பக்கமும்தான். அறுபத்திரெண்டுக்கு மேலயும் இருக்கலாம், அம்பத்துநாலுக்குக் கீழயும் இருக்கலாம்."

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாவாடையிடம் சொல்லிவிட்டாள்: "அந்தத் தாலுகா ஆபீஸ் தம்பி சீட்டுக்குள்ளதான் தேடிச்சு. நான் வெளில இருந்தா எப்டி கெடைப்பேன்? வெளில தேடச் சொல்லப் போறேன்."

"வெளிலன்னா? மேலயுமா?"

"மேலயும்தான்."

"புத்தி கித்தி கெட்டுப் போச்சா ஒனக்கு? இப்ப அறுவத்திரெண்டோட நின்னுகினு கீது. புக்குல போயி அறுவத்தாறுன்னு வந்துதுன்னா? சிங்காரவேலு பேசிப் பாக்கறேன்னு சொல்லிகினு இருக்காரு, அதுவும் போயிடும். வெனைய வெல குடுத்து வாங்குவியா? தேடறதுன்னா கீழ மட்டும் தேடச் சொல்லு."

அவன் சொன்னது புத்திசாலித்தனமான யோசனைதான். ருக்குமணி ராத்திரி பூராவும் அதைத்தான் நினைத்துக்கொண்டு கிடந்தாள். ஆனால் கைப்பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! குவித்ததை நாலாக வகுந்து, பார்வைக்கு நன்றாக இருக்கிற பங்கை மட்டும் எடுத்து டப்பாவில் போட்டால் அது சாம்பிளா? ஒரு தரம் கூட அவள் அப்படி எடுத்ததில்லை. அதோடு, எடுத்துச் சொல்ல வெட்கமாக இருந்த இன்னொரு காரணமும் உண்டு. வேலைக்காக அல்லாமல், சும்மா தனக்காகவே, தான் எப்போது பிறந்தோம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

காலையில் கிளம்பும்போது பாவாடை முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனாலும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தான்.

செல்வகுமார் அவளைப் பார்த்ததும் கைக்குட்டையை அவிழ்த்தார். "இல்லைன்னு எழுதிக் குடுத்தாச்சே ஆயா."

"வெளில பாருங்க தம்பி. அந்தச் சீட்டுக்கு அந்தாண்டயும் இந்தாண்டயும்."

"டாக்டர் எழுதினதுக்கு வெளில எதுக்குப் பாக்கணும்?"

"நூத்துக்கு அஞ்சு பேரு வெளிலதான் கீறாங்களாம். அவங்களே சொன்னாங்க."

செல்வகுமாருக்குச் சிரிப்பு வந்தது. முப்பது வருஷ சர்வீசில் இப்படி ஒரு காரணத்தை அவர் கேட்டதில்லை. அந்தச் சந்தோஷத்திலேயோ என்னவோ, புது ஃபாரம் எழுதி வாங்கிக்கொண்டு மூட்டையை இழுத்துப் போட்டார்.

"மேலேர்ந்து பாக்கவா, கீழேர்ந்து பாக்கவா?"

ருக்குமணி புத்தகக் கட்டை ஒரு தரம் பார்த்தாள். "வயசு கூட இருக்கற பக்கம் மொதல்ல பாத்துடுங்க. கெட்டது வந்தா வந்துட்டுப் போவட்டும்."

1962. செல்வகுமார் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினார். ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் ருக்குமணி அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1961. 1960 புத்தகம் தண்ணீரில் நனைந்து எழுத்து ஊறிப்போயிருந்தது, ஜன்னல் ஓரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். 1959. 1958. இல்லை. இல்லவே இல்லை. அப்பாடா என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியானால் பிறக்கவே இல்லையா என்றும் தோன்றியது. செல்வகுமார் டீ குடித்துவிட்டு வந்து இந்தப் பக்கத்துப் புத்தகத்தைத் திறந்தார். 1972-ல் ஒன்றும் இல்லை. 1973-ல் பாதிப் புத்தகம் போனதும் அவர் விரல் நின்றது.

"அப்பா கலியன். அம்மா அஞ்சலை. ஆண் ஒண்ணு, பெண் ஒண்ணு. ரெண்டும் ஒரே நாள். ஆகஸ்ட் ஒம்பது." இறப்புப் புத்தகத்தை எடுத்து அதே தேதியைப் பார்த்தார். ஆண் குழந்தை, வயது ஒரு நாள், தகப்பன் கலியன். "மாட்டிக்கிச்சு! ஆயா, உங்களுக்கு அம்பத்திரெண்டுதான் ஆகுது. இன்னும் எட்டு வருஷம்..." என்றவர் பாதியில் நிறுத்தினார். அவருக்கு ஐம்பத்தைந்து. ஒரு மாசமாகத் தன்னைவிடச் சின்னவளை ஆயா ஆயா என்று கூப்பிட்டிருக்கிறார், அவளும் தம்பி தம்பி என்றிருக்கிறாள். அதற்குப் பிறகு நகல் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற வரைக்கும் அவர் அவளை எந்த முறையும் வைத்துக் கூப்பிடவில்லை.

மந்தாரக்குப்பத்தில் பாவாடை தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போட்டான். "எட்டு வருசம்டீ! பொண்ணு படிச்சு முடிச்சி, கல்யாணம் கட்டி, பேரன் பொறந்தப்புறமும் நீ வேலைக்குப் போலாம்!" கடைக்குப் போய் மல்லிப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தான். நேற்று இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சொன்னவன்தான்.

ருக்குமணி கண்ணாடி முன்னால் போய் நின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. வேலை நின்றுவிடும் என்று இரண்டு மாசமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. ஆனால் கண்ணாடியில் இருந்த முகத்துக்கு ஐம்பத்திரண்டு என்று யார் சொன்னாலும் அவளே நம்ப மாட்டாள். பாவாடை பூவை நீட்டியதும் அழுகை வந்துவிட்டது.

"ஏண்டி, நல்ல சேதிக்கு அழுவியா?"

"எட்டு வருசம் கெடச்சுதுன்னு குதிக்கறியே, கெழவின்னு ஆக்கி வுட்டாங்களே என்னை, அத யாரு கேக்கறது? கலர் பொடவ எடுக்கறேன்னு பொண்ணு கெஞ்சுச்சே, இந்த வயசுல எனக்கெதுக்குன்னு சொன்னேனே. எந்த வயசுல?"

பாவாடை பக்கத்தில் உட்கார்ந்தான். பூவை அவனே வைத்துவிட்டான்.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஜெயகணேஷ் முடிய விடவில்லை. நகலைப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டான், பிறகு பைலைத் திறந்து தலையைச் சொறிந்தான். "டாக்டர் கம்மின்னாலே அம்பத்துநாலுன்னு சொல்றாங்க. ரிஜிஸ்டர் அம்பத்திரெண்டுங்குது. பைல்ல ரெண்டு பேப்பரும் இருந்தா இது யாரோட சர்டிபிகேட்டுன்னு கேப்பாங்க ஆய... ருக்குமணியம்மா. டாக்டர்கிட்டயே ஒரு லெட்டர் வாங்கிட்டு வந்துடுங்களேன். நாளைக்குக் கடைசி நாள்."

ஆகவே முப்பத்தொன்றாம் தேதி காலையில் ருக்குமணி மூன்றாவது தரமாக அந்தக் கிளினிக் படி ஏறினாள். புவனா நகலை இரண்டு முறை படித்தாள். பழைய படங்களை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினாள். விலா நுனியைப் பார்த்தாள், இடுப்பு மூட்டைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இந்தப் படத்தை இன்னைக்கு யாராவது பேர் இல்லாம காட்டினாலும் நான் இதையேதான் எழுதுவேன்மா. கணக்குல பிசகு இல்ல." நகலில் இருந்த தேதியில் விரலை வைத்தாள். "நானும் இந்த வருஷம்தான் பொறந்தேன். நவம்பர். உங்களைவிட மூணு மாசம் சின்னவ."

ருக்குமணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நரை தெரியாத தலை, நிமிர்ந்த முதுகு. ஒரே ஊர்க்காற்று, ஒரே வருஷம். பொறாமை என்று சொல்ல முடியாது, மனசு கனத்துப் போனது.

"அப்ப நான் அந்த அஞ்சு பேருல ஒருத்தியாம்மா?"

"அப்படித்தான் இருக்கணும்."

"அந்த நூறு பேரு யாரு? யாரோட எலும்பப் பாத்து இந்தக் கணக்கு போட்டாங்க?"

புவனா புத்தகத்தைப் புரட்டினாள். அவளுக்கே இதுவரை அதைப் பார்க்கத் தோன்றியதில்லை போலிருக்கிறது. "வெளிநாட்டுல கொஞ்சம் பேர். அப்புறம் இங்க பெரிய ஊர் ஆஸ்பத்திரிங்களுக்கு வந்தவங்க. பிறந்த தேதி சரியா எழுதி வச்சிருந்தவங்களை மட்டும்தான் எடுத்திருக்காங்க. அது தெரிஞ்சாத்தான ஒப்பிட்டுப் பாக்க முடியும்."

"அதுல கரி வார்றவங்க கீறாங்களா?"

"இல்ல."

"எட்டு வயசுலேர்ந்து மண்ணுக்கூடை சொமந்தவங்க? செங்கல் சூளைல கல்லு தூக்கினவங்க?"

"அப்படி எதுவும் எழுதலம்மா."

"அவங்களுக்கு எங்க பொறந்த தேதி இருக்கப் போவுது," என்றாள் ருக்குமணி. "அப்ப நான் அந்த அஞ்சுல ஒருத்தி இல்லம்மா. நாங்க அந்த நூறுலயே இல்ல."

புவனா பேனாவை மூடினாள். எதிர்வாதம் ஒன்று வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு பேனாவைத் திறந்து கடிதம் எழுதினாள். பதிவேட்டில் உள்ள தேதியே சரியானது என்று ஒரு வரி. அதற்குக் கீழே, யாரும் கேட்காமலே, இன்னும் ஒன்று எழுதி அதை ருக்குமணிக்குப் படித்தும் காட்டினாள். சிறு வயதிலிருந்து சுமை வேலை செய்த பெண்களுக்கு நான் எழுதிய தொண்ணூற்றைந்து சதவீதம் என்பதை நம்ப வேண்டாம் என்று இருந்தது.

ருக்குமணி கடிதத்தை வாங்கி மடித்துக் கவருக்குள் வைத்தாள். எழுந்திருக்கவில்லை.

"எனக்கு முன்னாடி எங்காளுங்க எத்தினி பேருக்கு இந்த மாதிரி சீட்டு எழுதிக் குடுத்தீங்கம்மா?"

புவனா யோசித்தாள். "பதினோரு பேர் இருக்கும்."

"அந்தச் சீட்டால வேலை போனவங்க எத்தினி பேரு?"

அது புவனாவுக்குத் தெரியாது. சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டதோடு அவள் வேலை முடிந்துவிடும். ருக்குமணிக்குத் தெரியும். பெல்ட் ஓரத்தில் பக்கத்தில் குனிந்து நின்றவர்கள்தான் எல்லாரும்.

"ஆறு பேரு," என்றாள். "பேரு சொல்றேன், எழுதிக்குங்க."

புவனா ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டாள்.